கறுப்புத் திரையில் காணாமல் போன சிவப்பு

கவிதா, ரமேஷ்,

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது என் கொம்பியூட்டர் திரையைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. "அப்பா, என்னா கலர் இது? கறுப்புச் சட்டியில முட்டைய ஒடைச்சு ஊத்துன மாதிரி இருக்கு!" என்றாய் கவிதா. ரமேஷ், நீ ஒரு படி மேலே போய், "ஆயிரம் கலர் ஸ்கீம் சும்மா கெடைக்குதுப்பா, நான் நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று கீபோர்டில் கையை வைத்தாய். "தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் வீடே அமைதியாகிவிட்டது. அம்மா வடைத் தட்டோடு வந்து பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்கு வாயால் விளக்கிச் சொல்ல வராது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நான் பார்த்த வேலைக்கே வந்துவிட்டீர்கள். உங்களுக்குக் கீழேயும் இப்போது புதுப் பிள்ளைகள் வேலை பழகுகிறார்கள். அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ், கந்தோர் என்போம். மருந்துக் கடைகளுக்கும் பஸ்காரர்களுக்கும் சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. நான் புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கந்தோரை நடத்தியவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். கண்டிப்பானவர். எங்கள் எல்லோரையும் விட மூத்த வேலைக்காரர் அக்குறணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்று கூப்பிடுவோம். எடிட்டரை எப்படித் திறப்பது, எழுதியதைச் சேமிக்காமல் மூடினால் என்ன ஆகும் என்பதிலிருந்து எனக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். நான் ஏதாவது பிழை விட்டால், "பரவாயில்ல தம்பி, கொம்பியூட்டர் அடிக்காது, மிஸ்தான் அடிப்பா" என்பார்.

இப்போது நீங்கள் பாவிக்கிற மாதிரி படமும் பொத்தானும் நிறைந்த எடிட்டர் இல்லை அது. டெர்மினல் என்று சொல்கிற வெறும் கறுப்புத் திரை. அதில் எழுத்து மட்டும். தொடக்கத்தில் எல்லா எழுத்தும் ஒரே தேன் நிறம். பிறகு கலர் ஸ்க்ரீன்கள் வந்தன. எந்த வகைச் சொல் எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று ஒரு சின்ன ஃபைலில் நாமே எழுதி வைக்கலாம். மொத்தம் பதினாறு நிறம்தான். மிஸ் ஒரு கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தப் பதினாறையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஒரு கலர் ஸ்கீமைச் செய்து, எல்லா மெஷினிலும் அதையே போட்டார்.

"ஒராளுக்கு ஒரு நிறம் எண்டு வேண்டாம்" என்றார். "ஊரடங்கு எண்டு ஒராள் வராட்டி, மற்றாள் அந்தக் கதிரையில இருந்து வேலை செய்ய வேணும். திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேணும்."

அது நியாயமான பேச்சு. அந்த நாட்களில் காலையில் வேலைக்கு வந்தவன் மாலையில் வந்த வழியே திரும்பிப் போவான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குண்டு என்று ஒரு கதை பரவினால் போதும், கடைகள் சடசடவென்று கதவைச் சாத்தும், நாங்கள் பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோம். அதற்காக எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எழுந்து ஓடுகிறவன் எவ்வளவு அவசரமானாலும், பாதியில் நிற்கிற இடத்துக்கு மேலே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் ஓட வேண்டும்: இது முடியவில்லை, அனுப்ப வேண்டாம் என்று. மறுநாள் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த வரியைக் கண்டால் புரோகிராமை வெளியே கொடுக்க மாட்டார்கள். தேன் நிறக் காலத்தில் அந்த வரிக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறிகள் போடுவோம். கலர் வந்த பிறகு மிஸ் அதைச் சிவப்பாக்கினார். கறுப்பில் நல்ல அடர்ந்த சிவப்பு. "இனி நட்சத்திரம் தேவையில்லை, சிவப்பே போதும்" என்றார். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த வரி கண்ணில் குத்தும்.

அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கலர் வந்த கொஞ்ச நாளில் நானா பிழை விட ஆரம்பித்தார். முடியாத வேலையை முடிந்தது என்று ஃப்ளொப்பியில் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு தடவை பஸ்காரர் ஒருவருக்கு. அடுத்தது ஒரு சாமான் கடைக்கு. மிஸ் இரண்டு முறையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை போனது அக்குறணையில் ஒரு மருந்துக் கடைக்கு, நானாவின் சொந்த ஊருக்கே. மருந்துப் பைக்கு மேலே ஒட்டுகிற துண்டை அச்சடிக்கிற புரோகிராம் அது. குழந்தைகளுக்கான அளவை நான் மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன், பாதியில் நின்றிருந்தேன், சிவப்பு வரியும் போட்டிருந்தேன். நானா அதை அப்படியே அனுப்பிவிட்டார். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துக்குப் பெரிய ஆட்களின் அளவு அச்சாகி வந்திருக்கிறது. கடைக்காரர் பையைக் கையில் கொடுக்கும் முன் வாசித்ததால் தப்பியது.

மிஸ் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போடவில்லை. நானாவை உள்ளே கூப்பிட்டார். மெல்லிய பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்டது.

"சிவப்பு வரி போட்டிருக்கு. செல்வம் போட்டிருக்கிறார். நான் என்ர கண்ணால பாத்தனான். நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்த மிஸ். அதில ஒண்டும் இல்ல எண்டுதான்…"

"ஒண்டும் இல்லையோ? பச்சைப் பிள்ளை ஒண்டு செத்திருக்கும். இன்னொருக்கா நடந்தா உங்களை வச்சிருக்க என்னால ஏலாது. எனக்கும் மனம் கேக்காது, ஆனா ஏலாது."

வெளியே வந்த நானா தன் மெஷின் முன்னால் உட்கார்ந்து கீபோர்டைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மருந்துக் கடைக்குப் போய் நேரில் சரிசெய்து கொடுக்கச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் மிஸ் அனுப்பினார். நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் நானா பேச ஆரம்பித்தார். காற்றில் பாதி எனக்குக் கேட்டது, பாதி கேட்கவில்லை.

"தம்பி, ஒங்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு மூள கொழம்பிட்டு வருது. வாப்பாக்கும் இப்பிடித்தான் தொடங்கின. கடயில சாமான் எடுத்து வெச்சிட்டு, எடுக்க இல்ல எண்டு சொல்லுவாரு. கடசீல எங்களயே தெரியாமப் போன. நான் அந்த வரிய கண்டதா எனக்கு நெனவே இல்ல தம்பி. கண்டா மறப்பேனா? கண்டிருக்கணுமே. அப்ப மறந்துதான் போயிருக்கேன்."

நான் என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே அது நடந்தது.

அந்த வீதியில் ஒரு செக் பொயின்ட் உண்டு. எப்போதும் தார் பீப்பாய்களை நடுவீதியில் வைத்திருப்பார்கள். அதைக் கண்டு நானா வேகத்தைக் குறைப்பார், இறங்குவார், அடையாள அட்டையைக் காட்டுவார், போவார். அன்று பகல்தான் அதை இடம் மாற்றி ஒரு வளைவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பீப்பாய் இன்னும் வந்து சேரவில்லை. பச்சைப் புதருக்கு முன்னால் பச்சைச் சட்டையில் ஒரு சிப்பாய் நின்று, சிவப்புக் கொடியை நீட்டிப் பிடித்திருந்தான். நான் வளைவு திரும்பியவுடனேயே கண்டுவிட்டேன். நானா நிறுத்துவார் என்று இருந்தேன். அவர் நிறுத்தவில்லை. கொடியை உரசுகிற மாதிரிப் போனார்.

பின்னாலிருந்து கத்தல் கேட்டது. சுடுவதற்குத் துவக்கை இழுத்து ஆயத்தம் செய்கிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் கேட்டவனுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

"நிப்பாட்டுங்க! நானா, நிப்பாட்டுங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். வண்டி சறுக்கி ஓரத்துச் சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

"சிவப்புக் கொடி கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று சிங்களத்தில் கத்தியபடி அந்தச் சிப்பாய் ஓடி வந்தான். நானா நல்ல சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் கேள்விகள் கூடின. ஊர் எது, தோட்டம் எது, இங்கே என்ன வேலை. பையிலிருந்த ஃப்ளொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மருந்துக் கடைக்காரரின் பெயரைச் சொல்லி, மருந்து விஷயம் என்று நானா கெஞ்சின பிறகு, "போங்கள், இனி சுடுவோம்" என்று விட்டான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. நானா கிளாஸை மேசையில் வைத்துக் குனிந்து குடித்தார்.

"கொடி எங்க தம்பி ஈந்த?"

"கண்ணுக்கு முன்னாடிதான் நானா. செவப்புக் கொடி. நீங்க அதுல மோதுற மாதிரி போனீங்க."

"நான் அந்த ஆளயே காண இல்ல. வெறும் பச்சப் பத்தையத்தான் கண்ட."

கடைக்கு எதிரே ஒரு ரம்புட்டான் மரம். காய்க்கிற பருவம், கொப்பெல்லாம் சிவந்து தொங்கியது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, "நானா, அந்த மரத்துல பழம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஈக்கும். கிட்டப் போனாத்தான் வெளங்கும். ஏன்?"

"இங்கேருந்து தெரியலையா?"

"எல கெடக்குது. சின்ன வயசில கூடப் பொறந்த மூத்த காக்காமாரு மரத்துக்குக் கீழ நிண்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எண்டு காட்டுவாங்க. நான் தடவித் தடவிப் பறிப்பேன். குருடன் குருடன் எண்டு பகிடி பண்ணுவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நானாவைக் கண்டதும், "வாங்க டொக்டர் சேர், எங்கட புள்ளைகளுக்கு எல்லாம் கொம்பு மொளைக்கப் போகுது" என்று குத்தினார். நானா தலையைக் குனிந்துகொண்டார். நான் கடையின் மெஷினில் அளவைச் சரிசெய்துவிட்டு, எடிட்டரில் நடுவில் ஒரு வரி எழுதி, அதை மிஸ்ஸின் சிவப்பில் போட்டேன்.

"நானா, இங்க என்ன இருக்கு?"

"வெறும் வரி."

நிறத்தின் இலக்கத்தை மட்டும் மாற்றினேன். அதே வரி மஞ்சளானது.

"இப்ப?"

நானா திரைக்குக் கிட்டே வந்தார். விரலை அந்த வரியின் மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். இது முடியவில்லை. அனுப்ப வேண்டாம். மறுபடி சிவப்பாக்கினேன். விரல் அந்த இடத்திலேயே இருந்தது, அவருக்கு வரி மட்டும் போய்விட்டது. மறுபடி மஞ்சள்.

"அப்ப," என்றார். விரலைத் திரையிலிருந்து எடுத்தார். "அப்ப எனக்கு மறதி இல்லயா தம்பி?"

"இல்ல நானா. ஒங்களுக்கு அது தெரியவே இல்ல. தெரியாதத எப்படி மறக்கிறது?"

கடைக்காரர் பார்க்கிறார் என்று கூடப் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அந்த மனிதருக்கு வந்த நிம்மதியை என்னால் எழுதிக் காட்ட முடியாது. வேலையில் முடியாமல் கிடந்த ஒன்றை முடித்துக் கொடுத்தபோது எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிறத்தின் இலக்கத்தை மாற்றியதற்காக ஒருவர் என் தலையில் கை வைத்து அல்லாஹ்விடம் துஆ கேட்டது அன்று மட்டும்தான்.

மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். நானா பதறிவிட்டார்.

"வேணாம் தம்பி. மூத்தவளுக்குப் பேசிட்டு ஈக்குறாங்க. பொண்ணுட வாப்பாக்குக் கண்ணில கோளாறு, அது புள்ளக்கும் பேரப்புள்ளக்கும் வரும் எண்டு ஒரு சொல்லு ஊருக்குள்ள போனா அந்தக் கலியாணம் நடக்காது. மிஸ் நல்ல மனுசி. ஆனா ஒரு வாய்க்கிச் சொன்னா நாலு வாய்க்கிப் போகும்."

வாக்குக் கொடுத்தேன். அப்புறம் பஸ்ஸில் புசல்லாவைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் மகளின் கலியாணம் நிற்கும். சொல்லாவிட்டால் அடுத்த சிவப்பு வரியில் வேலை போகும். வேலை மட்டுமா, அடுத்த தடவை கடைக்காரர் வாசிக்காமல் கொடுத்துவிட்டால்? நானாவின் மெஷினில் மட்டும் களவாக நிறத்தை மாற்றி வைக்கலாம். ஆனால் அவர் என்னுடைய கதிரையில் வந்து உட்காருகிற நாளில்தான் ஆபத்தே. மாற்றினால் எல்லா மெஷினிலும் மாற்ற வேண்டும். பிள்ளைகளே, அப்படி ஒரு இக்கட்டு வந்தால் யாருடைய பெயரைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். நான் பிரித்துப் பார்த்தபோது, விட்டுக்கொடுக்க லேசான பொருள் என்னிடமே ஒன்று இருந்தது. என்னுடைய கண்.

மறுநாள் மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், எனக்கு இந்தச் செவப்பு ஒத்துக்கல. கண்ணு கூசுது. தலை இடிக்குது."

"கண் எண்டா வேற கதை. உம்மட மெஷினில மட்டும் மாத்தும்."

"நான் எல்லா மெஷின்லயும் உக்காருறேனே மிஸ். எல்லாத்துலயும் மாத்தணும்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "செல்வம், நான் ஒரு கிழமை இருந்து தெரிஞ்செடுத்த நிறம் அது. உமக்கு ஒராளுக்காக எல்லாற்ற திரையையும் மாத்தவோ? போய்க் கண் டொக்டரைக் காட்டும்."

காட்டினேன். டொக்டர் சிரித்தார். கடைசி வரிசையின் பொடி எழுத்தை மட்டுமல்ல, அதற்குக் கீழே அச்சடித்தவன் பெயரையும் வாசித்துவிட்டேன். இருந்தாலும், "வெளிச்சம் பட்டா கூசுது டொக்டர்" என்று விடாமல் நின்று, ஒரு வெறுங்கண்ணாடியை எழுதி வாங்கினேன். பழைய போட்டோவில் நான் கண்ணாடியோடு இருக்கிறேனே, "அப்பாவுக்கு இள வயசிலேயே கண் போயிருச்சா?" என்று கவிதா ஒரு தடவை கேட்டாள், அந்தக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு மிஸ்ஸின் முன்னால் போய் நின்றேன்.

அவர் என் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி. செய்து காட்டும். ஆனா முடியாத வேலை ஒண்டு வெளியில போச்சுதெண்டா பழைய நிறம் திரும்பி வரும், அனுப்பினவரும் வீட்ட போவார்" என்றார். அனுப்பினவர் யாராக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் பகல் சாப்பாட்டு வேளையில் நானாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு பதினாறு நிறத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அவர் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடுவார், ஒரு நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்வார். "இது நல்லம்." "இதும் மற்றதும் ஒண்டுதான்." "இது எங்க வூட்டு உம்மாட பழைய சாரி மாதிரி, வேணாம்." எனக்குப் பச்சையும் செம்மண் நிறமுமாகத் தெரிந்த இரண்டு அவருக்கு ஒன்றாகவே இருந்தன. ஆனால் வெளிச்சம் கூடியது எது, குறைந்தது எது என்று என்னைவிடத் துல்லியமாகச் சொன்னார். அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. எல்லா நிறத்தையும் அணைத்துவிட்டு, திரையைச் சாம்பல் நிறமாக்கிப் பார்த்தேன். அப்போதும் எந்தச் சொல் தனித்து நிற்கிறதோ, அதுதான் உண்மையில் தனித்து நிற்கிறது. மற்றதெல்லாம் நமக்கு மட்டும் தெரிகிற அலங்காரம்.

முடியாத வரிக்கு எழுத்தை மஞ்சளாக்கியதோடு விடவில்லை. அந்த வரி முழுக்கப் பின்னணியை மஞ்சளாக்கி, எழுத்தைக் கறுப்பாக, தடிப்பாக வைத்தோம். நிறத்தை மட்டும் நம்பவும் இல்லை. பழைய நட்சத்திரக் குறிகளை இரண்டு பக்கமும் திரும்பக் கொண்டுவந்தோம். நீ முட்டை என்று சொன்னாயே கவிதா, அந்த முட்டை இதுதான். கந்தோரில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். "செல்வத்தின்ர கண்ணால எங்கட கண்ணும் போகப் போகுது" என்று ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டேன்.

சோதனை சீக்கிரமே வந்தது. ஒரு நாள் மத்தியானம் டவுனில் எங்கோ பெரிய சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே துணிக்கடை இரும்புக் கதவு இறங்கியது. நான் அதே மருந்துப் புரோகிராமில் இன்னொரு அளவை மாற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடும் முன் கை தானாக அந்த வரியை எழுதிச் சேமித்தது. மறுநாள் நான் வந்த பஸ்ஸைக் கம்பளையில் ஆமிக்காரர்கள் நிறுத்தி, தமிழ் ஆட்களை இறக்கி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற என் மனதில் இருந்ததெல்லாம் என்னுடைய மெஷின். இன்று என் கதிரையில் யார் உட்காருவார்? அந்தப் புரோகிராமை என்னைத் தவிர அறிந்தவர் நானா ஒருவர்தான்.

விட்ட பிறகு பின்னேரம்தான் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தேன். படியேறும்போதே அந்த அக்குறணைக் கடைக்காரரின் குரல் கேட்டது.

"திரும்ப ஊரடங்கு போடப் போறாங்களாம். கடயில சனம் நிக்குது. நீங்க காலையிலேருந்து இந்தா தாறேன், இந்தா தாறேன் எண்டு சொல்லிய. அந்த ஃப்ளொப்பியக் குடுங்களேன் மனுசன்!"

"தர மாட்டேன்" என்றது நானாவின் குரல். "இதில முடியாத எடம் ஒண்டு ஈக்குது. முடிச்சிட்டுத்தான் தருவேன். நீங்க கத்தினாலும் அவ்வளவுதான்."

கதவருகில் நின்று பார்த்தேன். என் கதிரையில் நானா உட்கார்ந்திருந்தார். திரையின் நடுவில் அந்த மஞ்சள் வரி பளிச்சென்று கிடந்தது. அவர் அதற்குக் கீழே மிச்ச வேலையை எழுதி முடித்து, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, அந்த வரியைக் கடைசியாக அழித்துவிட்டு ஃப்ளொப்பியைக் கொடுத்தார். மிஸ் தன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் புறப்படுகிற நேரத்தில் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "செல்வம், உம்மட கண் இப்ப சுகமோ?"

"சுகம் மிஸ்."

"கண்ணாடியைத் தலைகீழாப் போட்டிருக்கிறீர்." அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை, குரலில் வந்தது. "எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம். இந்த நிறம் இனி மாறாது. அவ்வளவுதான், போம்."

பிள்ளைகளே, உங்கள் திரைக்கு நிறம் தெரிவு செய்யுங்கள், ஆயிரம் இருந்தால் ஆயிரத்தையும் போட்டுப் பாருங்கள், அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் இன்னொருவர் வந்து உட்காரப் போகிற திரை என்றால், நிறம் அணைந்தாலும் விஷயம் தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். உங்களோடு வேலை செய்கிற ஒருவர் திடீரென்று பிழை விட ஆரம்பித்தால், அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் முன், நாம் எதை மாற்றினோம் என்று கேளுங்கள்.

நானாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. புரியாணி சாப்பிட்டேன். இன்னொன்றும் உண்டு, அதை அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

திரையை மாற்றிவிட்டோம். வீதியை மாற்றவில்லை. அந்த வளைவுக்குப் பீப்பாய் வரவே இல்லை, பச்சைப் புதருக்கு முன்னால் சிவப்புக் கொடி அப்படியேதான் இருந்தது. நானா தினமும் காலையும் மாலையும் அதைக் கடக்க வேண்டும். "இடம் தெரிஞ்சிருச்சு தம்பி, அங்க வந்தா மெதுவாப் போவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடத்தை அவர்கள் மறுபடி மாற்றினால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டிக் கடைத்தெருவில் மஞ்சள் துணி ஒரு துண்டு கிழித்து வாங்கினேன். அக்குறணை பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு முன்னாலேயே இறங்கினேன். துணிப் பையை வாய் திறந்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். அதே சிப்பாய்தான். துவக்கைத் தூக்கினான், என்னை அடையாளம் கண்ட பிறகும் இறக்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தம்பி என்ற பொருளில் மல்லி என்று கூப்பிட்டுச் சொன்னேன்: மழையிலும் மூடுபனியிலும் இந்தக் கொடி தூரத்துக்குத் தெரியவில்லை, இதையும் சேர்த்துக் கட்டினால் எல்லோருக்கும் தெரியும்.

அவன் துணியை உதறிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். "கோயில் நேர்த்திக்கடனா?" என்று கேட்டான்.

"ஆமாம். ஒருத்தர் தினமும் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொடிக் கம்பில் சிவப்புக்குக் கீழே மஞ்சளை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

நான் வளைவின் அந்தப் பக்கம் வரை திரும்பி நடந்து, நானாவின் மோட்டார் சைக்கிள் வருகிற திசையில் வீதியோரம் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். புதர் மங்கியது. சிப்பாய் மங்கினான். சிவப்பு புதரோடு கலந்தது. மஞ்சள் மட்டும் நின்றது. கண்டிக்குப் போகிற பஸ் வரும்வரை அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.